ஊசியா, கூண்டா, கத்தியா: நாயின் கழுத்து நோவும் முதுகு நோவும்

எங்கள் நாய் கட்டையனுக்கு நோ வந்திருக்கிறது என்பதை எங்களுக்கு முதலில் காட்டியது அவனுடைய சோற்றுத் தட்டுத்தான். தட்டின் முன் வந்து நின்றான். மூக்கு அசைந்தது, வால் ஆடியது, தலை மட்டும் குனியவில்லை. கண்ணை மட்டும் மேலே உருட்டி என்னைப் பார்த்தான். தோள் தசை விட்டுவிட்டுத் துடித்தது. “பசியில்லைப் போல இருக்கிறது” என்றார் அம்மா. வாளியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் தட்டைத் தூக்கி வைத்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றான். பசி இருந்தது; கழுத்துத்தான் வளையவில்லை.

அவன் டாஷண்ட் கலப்பு. நீள முதுகு, குட்டைக் கால். அன்று தொடங்கி 14 மாதங்களில் மொத்தம் 4 தடவை நோ வந்தது. இரண்டு தடவை கழுத்தில், இரண்டு தடவை முதுகில். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒருவர் செய்யக்கூடிய அத்தனையையும் இந்தக் காலத்தில் செய்தும் கேட்டும் பார்த்துவிட்டோம். அவற்றில் எதை எப்போது தெரிவு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோவின் வேர் தெரியாமல் ஒப்பிட முடியாது. நாயின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், நெஞ்சுப் பகுதியில் 13, இடுப்பில் 7. அவற்றின் இடையே மெத்தை போல டிஸ்க்குகள். டாஷண்ட், பீகிள், பெக்கினீஸ், ஷி சூ போன்ற இனங்களில் டிஸ்க்கின் நடுவிலிருக்கும் கூழ் இளமையிலேயே காய்ந்து சுண்ணாம்பு போல இறுகிவிடுகிறது. ஒரு நாள் கதிரையிலிருந்து குதிக்கும்போது அது வெடித்து மேலே கிளம்பி, முள்ளெலும்புகளின் உள்ளே ஓடும் நரம்பு வடமான முண்ணாணை அழுத்துகிறது. பெரிய இன நாய்களில் முதுமையில் டிஸ்க் மெல்ல மெல்லப் புடைப்பது வேறு வகை. இந்த இரண்டையும் 1952 இல் பிரித்துக் காட்டியவர் ஹான்சன் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர். குட்டைக் கால் இனங்களின் இந்தக் கோளாறுக்குக் காரணமான மரபணு மாற்றம் 12 ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது 2017 இல் தெரியவந்தது. ஆகவே இது வளர்த்தவரின் கவனக்குறைவால் மட்டும் வருவதல்ல. ஒரு டிஸ்க் ஆறினாலும் அடுத்த டிஸ்க் காத்திருக்கிறது. நோ திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

முதல் மூன்று தடவையும் நாங்கள் தெரிவு செய்தது ஊசி. அதைக் குறை சொல்ல மாட்டேன். நாய் நோவில் நடுங்கும்போது அதை நிறுத்துவதுதான் முதல் கடமை. மெலொக்சிகாம், கார்ப்ரொஃபென் போன்ற அழற்சியைக் குறைக்கும் மருந்துகளை நிறையைப் பார்த்து வைத்தியர் கொடுத்தால் நல்ல பயன் தருகின்றன. கழுத்து நோவுக்கு அவற்றோடு நரம்பு நோவுக்கான கபாபென்டினும் சேர்ப்பார்கள். தவறு ஊசிக்குப் பிறகு நாங்கள் செய்தது. மறுநாள் காலை கட்டையன் படலை வரை ஓடிப்போய்த் தெருநாயைக் குரைத்து விரட்டினான். “சுகமாகிவிட்டது” என்று மகிழ்ந்தோம். ஐந்து வாரத்தில் நோ திரும்பியது.

மூன்றாம் தடவை வைத்தியர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, நோ இருந்தபோது அவன் தன்னைத்தானே பார்த்துக்கொண்டான். நான் நோவை எடுத்துவிட்டேன். இனி அவனை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.”

ஸ்டீரொய்ட் ஊசி சில மணி நேரத்தில் நாயை எழுப்பி நிறுத்திவிடும், அதனால் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகு டிஸ்க் திடீரென வெடித்த நாய்களுக்கு அதை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் 2022 ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. ஸ்டீரொய்டையும் அழற்சியைக் குறைக்கும் மாத்திரையையும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ கொடுத்தால் இரைப்பை புண்ணாகி ஓட்டை விழவும் கூடும். ஒரு வைத்தியரிடமிருந்து இன்னொருவரிடம் போகிறவர்கள் முன்னர் போட்ட ஊசியின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டு அலுமாரியில் கிடக்கும் டைக்ளோஃபெனக், ஐபுப்ரொஃபென் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். அவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நான்காம் தடவை கூண்டு. என் கட்சி இதுதான், மறைக்கவில்லை. நடக்கக்கூடிய நாய்க்கு ஊசி மட்டும் போதாது. கூண்டும் வேண்டும், குறைந்தது 4 வாரம். மேலே சொன்ன பரிந்துரையும் அதே கணக்கைத்தான் தருகிறது. வெடித்த டிஸ்க்கின் வெளிவளையத்தில் தழும்பு பிடிக்க அவ்வளவு காலம் வேண்டும்.

கூண்டு வாங்கவில்லை. பழைய மேசையொன்றை விறாந்தையில் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களையும் சுற்றிக் கோழிக்கூட்டுக் கம்பிவலை கட்டினோம். எங்கள் சீமெந்துத் தரை மெழுகியது போல வழுக்கும். அதில் கால் சறுக்கினாலே முதுகு முறுகும் என்பதால் உள்ளே சாக்கை இரண்டு மடிப்பாக விரித்தோம். எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும், குதிக்க இடம் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் கூண்டை வாசலோரம் நகர்த்தி மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். முற்றத்துக்குச் சலம் கழிக்கக் கொண்டு போகும்போது ஒரு கை நெஞ்சின் கீழ், மறு கை இடுப்பின் கீழ், முதுகு பலகை போல நேராக. பின்கால் தள்ளாடியபோது அப்பாவின் பழைய சாரத்தை வயிற்றின் கீழே கொடுத்துத் தாங்கிப் பிடித்து நடத்தினோம்.

கடினம் முதல் வாரத்தில் இல்லை, மூன்றாம் வாரத்தில். நோ போய்விட்டது, நாய் முனகுகிறது, வீட்டில் எல்லோருக்கும் மனம் இளகுகிறது. “பாவம், ஒரு பத்து நிமிடம் திறந்து விடு” என்று அம்மா மூன்று தடவை கேட்டார். திறக்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் முந்தைய மூன்று தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இருந்த வித்தியாசம். அதன்பின் ஓராண்டு தாண்டிவிட்டது, நோ வரவில்லை. ஒரு நாயின் கதை சான்றாகாது என்பது தெரியும். நோவோ சிறு தள்ளாட்டமோ மட்டும் உள்ள நாய்களில் பெரும்பாலானவை ஓய்வில் தேறுகின்றன. ஆனாலும் ஓய்வெடுத்துத் தேறியவற்றிலும் கணிசமானவற்றுக்கு நோ மீண்டும் வருகிறது.

எண்ணெய்க்கு அதிக இடம் கொடுக்க மாட்டேன். நல்லெண்ணெய் காய்ச்சித் தடவி முதுகை உருவிவிடச் சொன்னவர்கள் அன்பால்தான் சொன்னார்கள். மனித முதுகின் பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம். வெடித்த டிஸ்க்கின்மேல் அழுத்தி உருவுவது ஆபத்து. கற்பூரம் கலந்த தைலத்தை நாய் நக்கிவிட்டால் அது நஞ்சு. நீச்சல் நல்லது, ஆனால் ஓய்வுக் காலம் முடிந்து வைத்தியர் தலையசைத்த பிறகு. காரைநகர் கசூரினாவின் ஆழமில்லாக் கடல் அதற்கு ஏற்றது.

இனிக் கத்தி. சத்திரசிகிச்சையைக் கூண்டுக்கு எதிரியாக வைத்துப் பேசுவது பிழை. அதன் நேரம் வேறு. நாயால் நடக்க முடிகிறதா என்பதுதான் கோடு. பின்பாதத்தை மெல்ல மடித்து, மேற்புறம் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள். சுகமான நாய் கண நேரத்தில் திருப்பிக்கொள்ளும். தாமதித்தால் முண்ணாண் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். எழவே முடியாமல், சலம் போகாமல் கிடந்தால் அது அவசரம். கடைசிப் படி, கால்விரலை இறுக்கி நசுக்கினாலும் உணராத நிலை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். காலை இழுத்துக்கொள்வது வெறும் அனிச்சை. நாய் தலையைத் திருப்ப வேண்டும், அல்லது கத்த வேண்டும், அதுதான் உணர்வு. உணர்வு இருக்கும்போது சத்திரசிகிச்சை செய்தால் 10 இல் 9 அளவுக்கு மீண்டும் நடக்கின்றன. உணர்வு போன பிறகு ஏறத்தாழப் பாதிதான். அந்த நிலையில் சத்திரசிகிச்சை இல்லாமல் தேறுகிறவை மிகச் சில.

கழுத்தின் கணக்குச் சற்று வேறு. அங்கே முண்ணாணைச் சுற்றி இடம் கூட, அதனால் கால் விழுவது குறைவு, நோவோ கொடியது. கூண்டும் மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தும் கழுத்து நோ விடாமல் திரும்பினால், நடக்கிற நாய்க்கும் கத்தியைப் பற்றி யோசிப்பது நியாயம்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதில் தூரமும் சேர்கிறது. எங்கள் வைத்தியர் காட்டிய திசைகள் இரண்டு: பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை, இல்லாவிட்டால் கொழும்பு. ஏ9 வீதியில் கண்டி வரை 321 கிலோமீற்றர். சாதாரண எக்ஸ்ரே டிஸ்க் கூழையோ முண்ணாணையோ காட்டாது. சிடி, எம்ஆர்ஐ அல்லது முண்ணாணைச் சுற்றி மருந்தேற்றி எடுக்கும் படம் வேண்டும். எந்த வசதி எந்த நாளில் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்காமல் வாகனத்தில் ஏறக் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கூண்டு ஓய்வு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எல்லா முதுகு நோவும் டிஸ்க் அல்ல. உண்ணிக் காய்ச்சலிலும் நாய் விறைத்து நடக்கும். முள்ளெலும்பில் கிருமி தொற்றினாலும் நோகும். காய்ச்சலும் சோர்வும் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை. விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரெனக் கால் விழுந்தால், வாயருகே கையைக் கொண்டு போகாமல் வைத்தியரை அழையுங்கள்.

கழுத்துப்பட்டியா, மார்புப்பட்டியா என்ற கேள்விக்கு ஒரு வரி போதும்: மார்புப்பட்டி. சங்கிலியை இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் கழுத்து டிஸ்க்கில் போய் விழுகிறது. நிறையும் அப்படித்தான். கட்டையனுக்குப் புட்டுப் போடுவதை அம்மா நிறுத்திய பிறகு அவனுடைய விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

அவனுடைய தட்டு இன்றும் இரண்டு செங்கல்மேல்தான் இருக்கிறது. கம்பிவலையைச் சுருட்டிக் குசினிப் பின்சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். ஓர் இரவில் அவனுக்குக் கால் விழுந்துவிட்டால் யாருடைய வாகனத்தில் போவது, யார் கூடப் போவது, எவ்வளவு பணம் வரை கடன் வாங்குவது என்பதையும் வீட்டில் பேசி முடித்துவிட்டோம்.