குதிரையின் கால் புண்: செத்த எலும்பை எடுப்பதா, விட்டுப் பார்ப்பதா?

குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று கிடையாது. தோலுக்கு அடியிலேயே தசைநாணும் எலும்பும்தான். கம்பியில் சிக்கியோ, இன்னொரு குதிரை உதைத்தோ அந்தத் தோல் உரிந்தால், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வும் சேர்ந்து போய்விடும். எலும்பின் வெளிப்பகுதிக்கு ரத்தம் தருவதில் பெரும்பங்கு அந்தச் சவ்வுக்குத்தான் என்பதால், எலும்பு வெளியே தெரிந்து காய்ந்து, கிருமியும் ஏறினால் மேலாக ஒரு சில்லு செத்துப் பிரியும். இதைத்தான் சீக்வெஸ்ட்ரம் என்கிறார்கள்.

புண் முக்கால்வாசி மூடிவிடும். ஒரு சின்னத் துளை மட்டும் மூடாமல் சீழ் கசியும், சுற்றிலும் சதை பொங்கி நிற்கும். குதிரை அவ்வளவாக நொண்டாது, அதனாலேயே பலர் பொங்கிய சதையை மட்டும் வெட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஆன்டிபயாடிக் மட்டும் கொடுப்பது எனக்குத் துளியும் பிடிக்காத வழி. செத்த எலும்புக்கு ரத்தமே போகாதபோது மருந்து எப்படிப் போய்ச் சேரும்? கொடுக்கும்வரை சீழ் நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும்.

காத்திருப்பதில் நியாயம் உண்டு. வெளியே தெரிந்த எலும்பெல்லாம் சாவதில்லை. சின்னச் சில்லாக இருந்தால் உடம்பே கரைத்துவிடும், சில சமயம் தானாக வெளியே தள்ளிவிடும். தவிர, அடிபட்ட முதல் வாரம் எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான், சுற்றிக் கறுப்பு வளையத்தோடு வெள்ளையாக ஒரு துண்டு தனியே தெரியும். அதுவரை சுத்தமான கட்டும் ஓய்வும் போதும்.

துண்டு தெளிவாகப் பிரிந்து தெரிந்த பிறகும் சீழ் நிற்கவில்லையா, எடுத்துவிடுவதே மேல் என்பேன். எடுத்து, அடியிலுள்ள எலும்பை நல்ல ரத்தம் கசியும்வரை சுரண்டிவிட்டால் பெரும்பாலான புண்கள் நன்றாகவே ஆறுகின்றன. அதையும் முடிந்தால் நிற்கவைத்தே, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் முழு மயக்கத்திலிருந்து தடுமாறி எழும்போது குதிரை காலையே முறித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. துண்டு பெரிதாகவோ எட்டாத இடத்திலோ இருந்தால் படுக்கவைத்துத்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் மூட்டையும் தசைநாண் உறையையும் தொடாத புண்ணுக்குத்தான். மூட்டுக்குப் பக்கத்தில் புண் இருந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.