சமையலறைத் தராசும் கலோரிக் கணக்கும்: இரண்டு வருட அனுபவம்

சமையலறையில் ஒரு டிஜிட்டல் தராசு, போனில் ஒரு கலோரி ஆப். இரண்டு வருடத்துக்கு மேலாக இரண்டும் என்னிடம் இருக்கின்றன. யாராவது கேட்டால் தராசை வாங்கச் சொல்வேன். ஆப் இல்லாமல் ஒரு நோட்டே போதும்.

ஆப்பில் 'சாம்பார் ஒரு கிண்ணம்' என்று தேடினால் ஒன்றோடொன்று ஒட்டாத பல எண்கள் வரும். நம் வீட்டில் எவ்வளவு பருப்பு போட்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் நான் பாத்திரக் கணக்குதான் போடுகிறேன். துவரம் பருப்பு 200 கிராம், சுமார் 680 கலோரி. எண்ணெய் 30 கிராம், 270. காய்கறிக்கு ஒரு 90. மொத்தம் 1,040. இறக்கியதும் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் சாம்பார் 1,800 கிராம் நிற்கும். 150 கிராம் ஊற்றிக்கொண்டால் சுமார் 87 கலோரி, அவ்வளவுதான். பொருள்களின் கலோரி அளவுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையை நம்புகிறேன். அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184-ஆல் வகுத்தால் நமக்குப் பழகிய கலோரி வந்துவிடும்.

அரிசியில் மட்டும் கவனம் வேண்டும். பச்சையாக 100 கிராம் என்றால் 350 கலோரி, வெந்த சோறாக 100 கிராம் என்றால் சுமார் 130. எதை எடை போட்டோமோ அதன் எண்ணைத்தான் எழுத வேண்டும்.

அப்புறம் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 120 கலோரி, ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். சோற்றைப் பார்த்துப் பயப்படும் பலர் தாளிப்பையும் தேங்காய்ச் சட்னியையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்குச் சோற்றை விட வேண்டிய அவசியமே வரவில்லை. எண்ணெயை அளந்து ஊற்றி, சுண்டலும் முட்டையும் கூட்டிக்கொண்டேன், பசி அடங்கியது.

ஆப்பிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எடுத்த எடுப்பில் நாளுக்கு 1,200 கலோரி என்று இலக்கு வைத்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் உடம்புக்கு அது போதாது. உணவியல் நிபுணரிடம் கேட்டு, தேவையைவிட 300 மட்டும் குறைத்துக்கொண்டேன். எடை மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் சோர்வு வரவில்லை. உப்பு கூடினாலே மறுநாள் எடை ஏறிக் காட்டும். அதனால் வாரச் சராசரியைத்தான் பார்க்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் கணக்கே கிடையாது.

கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். சாப்பாட்டை நினைத்தாலே பதற்றப்படுகிறவர்களுக்கும் இது ஆகாது. எண்கள் அந்தப் பதற்றத்தைக் கூட்டத்தான் செய்யும்.

இப்போது நான் தினமும் எழுதுவதில்லை. எண்ணெய், வேர்க்கடலை, புதிதாகச் செய்யும் பதார்த்தம், இவை மட்டும் தராசுக்குப் போகும். வாங்குவதானால் 5 கிலோ வரை தாங்கி ஒரு கிராம் வரை காட்டுவதாகப் பாருங்கள். பாத்திரத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தான் கட்டாயம் இருக்கட்டும்.