பழைய கணினியில் புதிய கிராஃபிக்ஸ் கார்டு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கிராஃபிக்ஸ் கார்டு சந்தைக்கு வருகிற நாளன்று வெளியாகும் மதிப்பீடுகளை விழுந்து விழுந்து படிப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அங்கே கார்டைச் சோதிப்பது அப்போதைக்குக் கிடைக்கும் மிக வேகமான பிராசஸரோடு, பெரும்பாலும் மூடியே இல்லாத திறந்த மேசையில். கார்டின் முழுத் திறனை அளக்க அதுதான் சரியான முறை, மறுக்கவில்லை. ஆனால் மேசைக்கடியில் தூசியும் வெப்பமுமாக நிற்கும் ஒரு பழைய பெட்டிக்குள் அதே கார்டு எப்படி நடந்துகொள்ளும், இரண்டு மூன்று ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதற்கு அந்த வரைபடங்களில் பதில் இருப்பதில்லை. இங்கே நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

என் கணினியில் இருப்பது 2019இல் வந்த ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 நினைவகம். கிராஃபிக்ஸுக்கு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016இல் வெளியான அந்தக் கார்டைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. வெறும் 120 வாட்டில் அத்தனை ஆண்டுகள் சளைக்காமல் உழைத்தது. அதை மாற்ற நினைத்ததற்குக் காரணம் வேகக் குறைவு மட்டுமில்லை. புதிய விளையாட்டுகளில் 6 ஜிபி வீடியோ நினைவகம் நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது. ஒரு தெருவுக்குள் திரும்பினால் சுவர்களெல்லாம் முதலில் மெழுகு பூசியதுபோல் மங்கலாக நிற்கும். ஓரிரு வினாடி கழித்துத்தான் செங்கல் தெரியும். வினாடிக்குத் திரையில் வரும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், சராசரி எண்ணிக்கை நன்றாகவே இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு. வீடியோ தொகுப்பிலும், முப்பரிமாணக் காட்சிகள் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளிலும் கைக்கு எட்டாத வசதிகள் சில இருந்தன.

2021 முழுக்கக் கார்டுகளுக்குத் தட்டுப்பாடு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டு, கார்டுகளைக் கொண்டு அந்த நாணயத்தை அகழும் தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் பிறகுதான் விளையாடுகிறவர்களும் கார்டு வாங்கலாம் என்ற நிலை திரும்பியது. நான் எடுத்தது ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அந்த '12 ஜிபி'யை விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022இன் பிற்பகுதியில் இதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. அதில் நினைவகம் குறைந்தது மட்டுமில்லை. நினைவகப் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கி, வினாடிக்கு 360 ஜிபியாக இருந்த வேகம் 240 ஆகிவிட்டது. அட்டைப்பெட்டியில் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பயன்படுத்திய கார்டு வாங்கப்போகிறவர்கள் இன்றும் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பி450இல் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது, கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் பழைய 3.0 பதிப்பு. ஆர்டிஎக்ஸ் 3060 அந்தப் பாதையின் பதினாறு தடங்களையும் பயன்படுத்துவதால் பழைய பலகையிலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, பின்னால் 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவை எட்டுத் தடங்களோடு நின்றுவிடுகின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலோ நான்கே தடங்கள். 4.0 பலகையில் இது பெரிய விஷயமில்லை. 3.0இல் ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதியாகிவிடுவதால், வீடியோ நினைவகம் நிரம்பிக் கணினியின் பொது நினைவகத்தைத் தொட வேண்டிய கட்டத்தில் குறுகிய பாதை நன்றாகவே காட்டிக்கொடுத்துவிடும். நினைவகமும் குறைவு, தடமும் குறைவு என்ற இரண்டும் ஒரு பழைய பலகையில் ஒன்றுசேரக் கூடாது என்பதுதான் என் தேர்வுக்கு அடிப்படை.

பவர் சப்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கார்டுக்கு மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிற பலர் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு எடுத்துக்கொள்ளக்கூடியது 75 வாட். ஆறு முனை இணைப்பு இன்னொரு 75 வாட் தரும், எட்டு முனை இணைப்பு 150 வாட். 1060க்கு ஆறு முனை போதுமானதாக இருந்தது. 170 வாட் கேட்கும் 3060க்கு என் கார்டில் எட்டு முனை. என்னிடம் இருந்த 450 வாட் பவர் சப்ளையில் ஆறுடன் இரண்டு சேர்ந்து எட்டாகும் இணைப்பு இருந்தது, செருகினால் பொருந்தியும் இருக்கும். மொத்த நுகர்வைக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு இடித்திருக்காது.

இருந்தும் அதை மாற்றினேன். கார்டு சராசரியாக எடுப்பது 170 வாட் என்றாலும், கண நேரத்துக்கு அதைத் தாண்டித் தாவும். அந்தத் தாவலைத் தாங்குவது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் வேலை. அவை வெப்பத்திலும் வயதிலும் திறன் இழக்கிற உறுப்புகள். கனமான ஒரு காட்சி வரும்போது கணினி எச்சரிக்கையே இல்லாமல் அணைந்து மீண்டும் தொடங்குகிறது என்றால், பலரும் முதலில் கார்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். பழைய பவர் சப்ளையாகவும் இருக்கலாம் என்பது மனதில் வருவதற்குள் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நான்கு முறை மாற்றியிருப்பார்கள். சிப்பை வடிவமைத்த என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 550 வாட். நானும் அதே அளவில் தரமான ஒன்றைப் போட்டேன். கழற்றி மாட்டும் கேபிள் கொண்ட வகை என்றால் பழைய கேபிள்களை விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பவர் சப்ளைப் பக்கம் உள்ள முனைகளின் வரிசைக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. இரண்டு கேபிள்களும் அச்சாக ஒன்றுபோல் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், வன்தட்டு ஒரே நொடியில் கருகிவிடலாம்.

கார்டை மாற்றுவது அரை மணி நேர வேலை. கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று: பழைய கார்டைப் பிடித்துவைத்திருக்கும் ஸ்லாட் கொக்கி. பிராசஸர் கூலருக்கும் கார்டின் பின்தகட்டுக்கும் நடுவில், விரல் நுழையாத இடுக்கில் அது ஒளிந்திருக்கும். திருகைக் கழற்றியாயிற்றே என்று கார்டை இழுத்தால் ஸ்லாட்டும் சேர்ந்து வந்துவிடும். நீளமான பிளாஸ்டிக் அளவுகோலின் முனையால் கொக்கியை அழுத்திக்கொண்டு, மறுகையால் கார்டை நேர்க்கோட்டில் மேலே தூக்கினேன். சிறிய 'டக்' ஒன்று கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் இழுக்க வேண்டும். புதிய கார்டு ஒரு கையளவு நீளம் அதிகம் என்பதால், முன்பக்கத்தில் காலியாகக் கிடந்த வன்தட்டுக் கூண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. உங்கள் பெட்டியில் அது ரிவெட் அடித்து நிலையாக இருக்கலாம். வாங்குவதற்கு முன்பே அளவு நாடாவை எடுத்துவிடுவது நல்லது.

இரண்டுமே ஒரே நிறுவனத்தின் சிப் என்பதால், டிரைவரில் 'சுத்தமான நிறுவல்' என்பதைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்தது. நிறுவனம் மாறினால் மட்டும் டிடியூ போன்ற கருவியால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரீசைசபிள் பார் வசதிக்காகத்தான் கொஞ்சம் மெனக்கெட்டேன். வழக்கமாக பிராசஸர், வீடியோ நினைவகத்தை 256 எம்பி அளவுள்ள ஒரு சிறிய சாளரத்தின் வழியாகத்தான் பார்க்கிறது. இந்த வசதி அந்தச் சாளரத்தை முழு நினைவகத்துக்கும் திறந்துவிடுகிறது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகே என் மதர்போர்டில் இது தென்பட்டது. இதற்கு சிஎஸ்எம் என்ற பழைய தொடக்க முறையை அணைக்க வேண்டும். விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய அமைப்பு கொண்ட வட்டில் நிறுவப்பட்டிருந்தால், அணைத்த மறுகணமே கணினி தொடங்க மறுத்துவிடும். முன்கூட்டியே விண்டோஸில் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றிக்கொண்டால் சிக்கல் இல்லை. இத்தனைக்கும் கிடைத்த பலன், சில விளையாட்டுகளில் சில சதவீதம், பலவற்றில் ஒன்றுமே இல்லை. இலவசம் என்பதால் குறைப்படவில்லை.

இனி வேகம். கனமான காட்சிகள் கொண்ட விளையாட்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு ஃபிரேம் கிடைத்தது. முன்பு சொன்ன மெழுகுச் சுவர்கள் அன்றோடு ஒழிந்தன. ஆனால் எல்லா இடத்திலும் இந்த மாயம் நடக்கவில்லை. சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸில் நான் பல மாதமாக வளர்த்துவரும் பெரிய நகரம் பழைய கார்டில் எப்படி ஊர்ந்ததோ அப்படியேதான் புதிய கார்டிலும் ஊர்ந்தது. ஆயிரக்கணக்கான மக்களும் வண்டிகளும் எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போடுவது பிராசஸர். கார்டு கைகட்டிக் காத்திருக்கும். திரையின் மூலையில் கார்டின் பயன்பாட்டுச் சதவீதத்தை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய கார்டிலேயே அது 60, 70 என்று நின்றால், புதிய கார்டால் அந்த விளையாட்டுக்குப் பயனில்லை. கார்டு வாங்கும் முன் செய்ய வேண்டிய ஒரே சோதனை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செலவும் இல்லை.

என் அனுபவத்தில் கார்டை உண்மையில் உழைக்க வைத்தது பின்னர் வாங்கிய 1440பி மானிட்டர். 1080பியில் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பியில் 36.9 லட்சம். பிராசஸரின் வேலை அப்படியே இருக்க, கார்டின் சுமை மட்டும் கூடுகிறது. முன்பு பிராசஸரால் தட்டுத்தடுமாறிய விளையாட்டுகள், எண்ணிக்கையில் கொஞ்சம் குறைந்தாலும், சீராக ஓடத் தொடங்கின. ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரையே தன் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் இருந்ததால் 60க்கும் 90க்கும் இடையே ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிவதில்லை. குறைந்த தெளிவில் வரைந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ்ஸின் பயனும் இங்கேதான் தெரிந்தது. 1080பியில் அதைப் போட்டால் படம் லேசாகக் கலங்கும். 1440பியில் 'குவாலிட்டி' நிலையில் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் திரைக்கு அருகில் போக வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த புதிய டிஎல்எஸ்எஸ் மாதிரி பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது, படம் இன்னும் தெளிந்தது. இடையில் போலி ஃபிரேம்களைச் செருகும் டிஎல்எஸ்எஸ் வசதி மட்டும் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்குக் கீழே இல்லை. அதற்காக நான் அழவில்லை.

ஒலிதான் முதல் வாரத்தில் எரிச்சலூட்டியது. முழுச் சுமையில் விசிறி இரைச்சலோடு, மெல்லிய கீச்சொலி ஒன்றும் கேட்டது. காயில்கள் அதிர்வதால் வரும் ஒலி அது. பழுதில்லை, ஆனால் காதுக்கு அது தெரியவா போகிறது? கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின்னழுத்த வளைகோட்டைத் திறந்து, 1800 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 0.85 வோல்ட் என்று கட்டிவைத்தேன். நுகர்வு 170 வாட்டிலிருந்து சுமார் 130க்கு இறங்கியது. வேகத்தில் இழந்தது இரண்டு மூன்று ஃபிரேம். கூடவே ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு ஒன்றையும் வைத்த பிறகு கீச்சொலி கிட்டத்தட்ட மறைந்தது. வெப்பம் 70 டிகிரிக்குள் நிற்கிறது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதம் என்பதால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், படிப்படியாக இறக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூசியை ஊதுகிறேன். ஊதும்போது விசிறி இறகை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது தன் வரம்பை மீறிச் சுழன்றால் உள்ளே இருக்கும் பேரிங் கெட்டுவிடும். வலைத் தடுப்பு இல்லாத என் பெட்டியில் கார்டின் அடிப்பக்க வெப்பத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளியாகச் சேர்ந்துவிடுகிறது. அதை எடுத்த அன்று ஐந்தாறு டிகிரி இறங்கும். கார்டின் ஓரம் ஆண்டுகளில் லேசாகத் தாழ்ந்ததால் அடியில் ஒரு சிறிய தாங்கியும் நிறுத்தியிருக்கிறேன்.

வாங்கும்போது '3060க்கு 12 ஜிபி வீண், சிப்புக்கு அந்த அளவு தேவையே இல்லை' என்ற பேச்சு பரவலாக இருந்தது. சராசரி ஃபிரேம் வரைபடத்தில் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 இதை முந்துகிறது, 115 வாட்டிலேயே முந்துகிறது. அதெல்லாம் உண்மை. ஆனால் 2023க்குப் பிறகு வந்த பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்ச்சர் தரத்தை, அதாவது சுவர் தரை போன்ற பரப்புகளில் ஒட்டும் படங்களின் தரத்தை, உச்சத்தில் வைத்துவிட்டு மற்றவற்றைக் குறைத்து ஆட முடிகிறது என்றால் அந்த 'வீண்' நினைவகம்தான் காரணம். நிழலையும் புல்லையும் குறைத்தால் யாருக்கும் தெரியாது. டெக்ஸ்ச்சரைக் குறைத்தால் எல்லோருக்கும் தெரியும். பிளெண்டரில் பெரிய காட்சியை என்விடியாவின் ஆப்டிக்ஸ் முறையில் இறுதிப் படமாக்குவதற்கும், படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கும்கூட இதே 12 ஜிபிதான் கைகொடுக்கிறது.

ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ஒளிக்கதிர்த் தடமறிதலை (ரே டிரேசிங்) மட்டும் நம்பி இந்தக் கார்டை எடுக்க வேண்டாம். முழுதாகப் போட்டால் மூச்சு வாங்கும். ஆனால் அந்த வன்பொருள் இருப்பதே இப்போது நுழைவுச்சீட்டாகிவிட்டது. 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் விளையாட்டு அது இல்லாத கார்டுகளில் இயங்குவதே இல்லை. 2023இல் ஆலன் வேக் 2 வெளியானபோதும் பொருள்களின் வடிவங்களைக் கையாளும் மெஷ் ஷேடர் வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகள் திணறின. 1060இன் வரிசைக்கு விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்ட என்விடியா, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாக அறிவித்திருக்கிறது.

இனி கார்டை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. கண் வைத்திருப்பது பிராசஸர் மேல். என் மதர்போர்டின் இதே ஏஎம்4 சாக்கெட்டில், பயாஸைப் புதுப்பித்தால் போதும், 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) கொண்ட ரைசன் 7 5700எக்ஸ்3டி உட்கார்ந்துவிடும். என் 3600இல் இருப்பது 32 எம்பி. அந்தப் பெரிய நகரம் அப்போதாவது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.