"இன்னும் நாலு தடவை துவைங்க, சிஸ்" என்று சொன்னால் உஷார்: துணி டயப்பர் செட் வாங்கப் போகிறவர்களுக்கு

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் துணி டயப்பரும் துணி வைப்ஸும் 'முழு செட்'டாக ஆன்லைனில் வாங்க நினைக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். துணி டயப்பரே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டில் இப்போதும் துணிதான். என் கோபமெல்லாம் அந்த செட்டை விற்றவர்கள் மேல், அதிலும் விற்ற பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தின் மேல்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அதே படங்களோடும் அதே வாசகங்களோடும் இப்போது வேறு பெயரில் விற்கிறார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

செட்டில் இருந்தவை: பிரஸ் பட்டன் வைத்த கவர்கள், ஈரத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் இன்சர்ட்டுகள், ஒரு கட்டு துணி வைப்ஸ் (குழந்தையைத் துடைக்கும் துண்டுகள்), அதை நனைத்துக்கொள்ள ஒரு குட்டி பாட்டில் திரவம், ஈரத்துணி போட்டு வைக்க ஒரு ஜிப் பை. விளம்பரத்தில் சொன்னவை: மூங்கில் இன்சர்ட், இரவு முழுக்க ஒழுகாது, பிறந்தது முதல் பாத்ரூம் பழகும்வரை ஒரே சைஸ், பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றது, ஒரு வருட உத்தரவாதம். இதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

முதலில் ஒழுகல். பையன் நின்று விளையாடும்போது ஒன்றும் தெரியாது. பொத்தென்று தரையில் உட்கார்ந்தால் போதும், தொடை ஓரமாக வழியும். கழற்றிப் பார்த்தால் இன்சர்ட்டின் நடுப்பகுதி மட்டும் சொதசொதவென்று இருக்கும், இரண்டு முனைகளும் காய்ந்து கிடக்கும். நடுவில் விரலால் அழுத்தினால், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்த மாதிரி மொத்தமும் வெளியே வந்துவிடும்.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது, அதுவும் ரொம்ப அன்பாக: "புதுத் துணி அப்படித்தான் சிஸ். இன்னும் நாலு தடவை துவைங்க, நல்லா உறிஞ்ச ஆரம்பிச்சிடும்."

இங்கேதான் இவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. பதப்படுத்தாத பருத்தியிலும் ஹெம்ப் எனும் சணல் வகைத் துணியிலும் இயற்கையான எண்ணெய்ப்பசையும் மெழுகும் இருக்கும். பல முறை துவைத்த பிறகுதான் அவை முழு அளவுக்கு உறிஞ்சும். துணி டயப்பர் பயன்படுத்தும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அதனால் துவைத்தோம். ஒழுகியது. மறுபடி எழுதினேன். "வெந்நீர்ல துவைச்சுப் பாருங்க சிஸ்." துவைத்தோம், ஒழுகியது. "சோப்புத்தூள் அதிகமா போட்டிருப்பீங்க, துணியில தங்கிடும்." குறைத்தோம், ஒழுகியது. "குறைச்சலா போட்டா அழுக்கு போகாது சிஸ்." ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் இடைவெளி. இப்படியே பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்தது. முடிந்ததுமே 'சிஸ்' காணாமல் போய் 'டியர் கஸ்டமர்' வந்துவிட்டது: துவைத்துப் பயன்படுத்திய பொருளைச் சுகாதாரக் காரணங்களுக்காகத் திரும்பப் பெற இயலாது.

யோசித்துப் பாருங்கள். துவைக்காமல் உறிஞ்சுமா என்று பார்க்க முடியாது. துவைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. துவைக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததும் அவர்கள்தான். கூடவே, குறை எதுவாக இருந்தாலும் அதைத் துவைத்த விதத்தின் மேல் போட்டுவிடலாம், அது நம் வீட்டுக்குள் நடப்பது, சாட்சி கிடையாது. ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருக்கும் ஒருத்தியிடம் "உங்களுக்குத் துவைக்கத் தெரியவில்லை" என்று நாசூக்காகச் சொல்வது எவ்வளவு சுலபம்!

கடைசியில் ஒரு இன்சர்ட்டைக் கத்தரித்துப் பிரித்துப் பார்த்தேன். வெளியே இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற துணி. உள்ளே வெள்ளையாக, விரலில் ஒட்டிக்கொண்டு பிராண்டுகிற துணி. வண்டி துடைக்கப் பயன்படுத்துவோமே, அதே மைக்ரோஃபைபர். இரண்டிலிருந்தும் நூலை உருவி, வாஷ்பேசினுக்கு மேல் இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்தேன் (குழந்தை பக்கத்தில் இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்). பருத்தியோ, தாவரக் கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸோ என்றால் காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிவிடும். இது சுருண்டு உருகியது, பிளாஸ்டிக் வாடை அடித்தது, ஆறியதும் முனையில் கெட்டியான கறுப்பு மணியாக நின்றது. வெளியே உள்ளே எல்லாமே பாலியஸ்டர் வகைதான்.

அவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். பாலியஸ்டர் ஆலையில் செய்த இழை, அதில் போக்க வேண்டிய இயற்கை எண்ணெய் எதுவும் கிடையாது. தயாரிப்பில் ஒட்டியதைப் போக்க ஒரு தடவை துவைத்தாலே போதும். அதற்குப் பிறகும் ஒழுகினால் எத்தனை தடவை துவைத்தாலும் ஒழுகும். மைக்ரோஃபைபரின் சுபாவமே அது: வேகமாக உறிஞ்சும், அழுத்தினால் விட்டுவிடும். உட்கார்ந்து, சறுக்கி, குதிரை ஏறி விளையாடும் வயதில் அதை மட்டும் நம்பினால் எப்படி? தான் விற்ற துணி எது என்று தெரிந்த யாரும் "நாலு தடவை துவைங்க" என்று சொல்லியிருக்க முடியாது.

'மூங்கில்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். இவர்கள் கொடுத்ததில் அது துளியும் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிஜமாகவே மூங்கிலிலிருந்து வரும் மென்மையான துணிகூடப் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து மறுபடி இழையாக்குகிறார்கள். உறிஞ்சும் திறன் நன்றாகவே இருக்கும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 'இயற்கை மூங்கில் நார்' என்று விற்பது வேறு கதை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009-லேயே இப்படி ரேயானை (விஸ்கோஸ் இந்த வகைதான்) மூங்கில் என்று விற்ற 4 நிறுவனங்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. 2022-ல் இதே மாதிரி புகாரில் இரண்டு பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள் மொத்தம் 55 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. அவ்வளவு பெரிய கடைகளிலேயே இந்தக் கூத்து என்றால், ஒரு போன் நம்பரை வைத்து விற்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே எதில் செய்தது என்று கேட்கும்போது 'மூங்கில்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விஸ்கோஸ் எத்தனை சதவீதம், பருத்தி எத்தனை, பாலியஸ்டர் எத்தனை, உள்ளடுக்கு எது என்று எழுத்தில் வாங்குங்கள். 'சார்கோல் மூங்கில்' என்று, எங்களுக்கு வந்தது மாதிரி சாம்பல் நிறத்தில் வருவதைக் கேட்கும்போது இரட்டைக் கவனம் தேவை.

சான்றிதழ் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. விளம்பரத்தில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை பளிச்சென்று இருந்தது, எண் மட்டும் இல்லை. அசல் முத்திரையில் சான்றிதழ் எண்ணும் சோதித்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அந்த எண்ணை ஓகோ-டெக்ஸ் தளத்திலேயே போட்டுச் சரிபார்க்கலாம். 3 வயது வரையான குழந்தைகளின் துணிக்கு 'முதல் வகுப்பு' என்று மிகக் கடுமையான பிரிவு ஒன்று தனியாக உண்டு. நான் விடாமல் கேட்டபோது மங்கலான ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். பெரிதாக்கி எண்ணைப் போட்டுப் பார்த்தால், வேறு ஏதோ நிறுவனத்தின் தையல் நூலுக்கு வாங்கிய சான்றிதழ்! சான்றிதழ் அசலாகவே இருந்தாலும் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்றுதான் அது சொல்லும். ஒழுகுமா ஒழுகாதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து கவர். ஈரம் வெளியே வராமல் தடுப்பது பி.யு.எல். துணி, அதாவது பாலியஸ்டர் துணியின் ஒரு பக்கம் மெல்லிய பாலியூரிதேன் படலத்தை ஒட்டியது. நல்ல கவரில் அந்தப் படலம் துணியோடு துணியாக இருக்கும், தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு வந்ததில் சீக்கிரமே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, தையல் ஓரத்தில் உரிய ஆரம்பித்தது. ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்டேன். "40 டிகிரிக்கு மேல் துவைத்தால் உத்தரவாதம் செல்லாது." வெந்நீரில் துவைக்கச் சொன்னது யார்? அவர்கள்தான், மெசேஜ் இருக்கிறது. அதைக் காட்டினேன். "அது இன்சர்ட்டுக்குச் சொன்னது" என்றார்கள். பெட்டிக்குள் இருந்த தாளிலோ எல்லாவற்றையும் சேர்த்துச் சூடான நீரில் துவைக்கும்படி அச்சடித்திருக்கிறது. பொதுவாகக் கவரை 40 டிகிரியிலும் இன்சர்ட்டை 60 வரையிலும் துவைப்பார்கள். குளோரின் பிளீச், அதிகச் சூட்டில் டிரையர் இரண்டும் படலத்துக்கும் எலாஸ்டிக்குக்கும் ஆகாது. சாஃப்ட்னர் போட்டால் இன்சர்ட் உறிஞ்சாது. இதையெல்லாம் தெளிவாகச் சொல்லாத தாள் வந்தால் அந்தக் கடையின் உத்தரவாதத்தை நம்ப வேண்டாம்.

அதே தாளில் இன்னொரு வரி இருந்தது. அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அழுக்கு டயப்பர்களை ஒரு வாளி நீரில் இரவு முழுக்க ஊறப்போட வேண்டுமாம். தத்தித் தத்தி நடந்து எதையும் எட்டிப் பார்க்கும் குழந்தை இருக்கும் வீட்டில்! சில அங்குலத் தண்ணீரே சின்னக் குழந்தை மூழ்கிப்போகப் போதும். ஊறப்போடவே தேவையில்லை. ஆயைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, காற்றோட்டமான கூடையில் உலர்வாகப் போட்டுவைத்து, ஓரிரு நாளில் முதலில் ஒரு சின்ன அலசல், பிறகு போதுமான சோப்புத்தூளோடு முழுத் துவைப்பு. அவ்வளவுதான் வேலை. ஊறப்போடுவதால் எலாஸ்டிக் கெடுவது தனி.

சைஸைப் பற்றி நீட்ட வேண்டாம். எல்லாப் பட்டனையும் அவிழ்த்துப் பெரிய அளவுக்கு வைத்தாலும் தொடையைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு விழுந்தது. சாக்ஸ் போட்ட தடம் மாதிரி லேசாக விழுந்து சீக்கிரம் மறைந்தால் பரவாயில்லை, பள்ளமாகச் சிவந்திருந்தால் இறுக்கம்.

வைப்ஸ் கதை வேறு மாதிரி. துண்டுகள் வழவழவென்று பார்க்க அழகாக இருந்தன, ஆனால் தண்ணீர் அவற்றில் நிற்காமல் உருண்டு ஓடியது. அதுவும் பாலியஸ்டர்தான். ஆயைத் துடைத்தால் எடுக்காது, இழுவிவிடும். பருத்தி ஃபிளானல் இரண்டடுக்கோ சின்னச் சின்ன டர்க்கித் துண்டோ இருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். கூட வந்த பாட்டிலில் 'பதப்படுத்தும் பொருள் சேர்க்காதது, முழுக்க இயற்கை' என்று பெருமையாகப் போட்டிருந்தது. டீ ட்ரீ எண்ணெய் சேர்த்ததாம். தயாரித்த தேதி, காலாவதித் தேதி எதுவும் இல்லை. தண்ணீர் கலந்த ஒரு திரவத்தில் பதப்படுத்தும் பொருள் இல்லையென்றால் அது கெட்டுப்போகும், கிருமி வளரும். இது சீக்கிரமே கலங்கி, அடியில் நூல் நூலாக ஏதோ மிதந்தது. பையனுக்கு அந்தச் சமயத்தில் இடுப்புக்குக் கீழே சிவந்து தடித்திருந்தது. டாக்டர் அந்தத் திரவத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் துடைக்கவும், முடிந்தபோதெல்லாம் டயப்பர் இல்லாமல் விடவும் சொன்னார். தணிந்துவிட்டது. திரவத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் துணி வைப்ஸுக்குத் தண்ணீரே போதும். அன்றன்றைக்கு நனைத்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள், நனைத்துப் பெட்டியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது வேறொரு இடத்தில் வாங்கிய மடித்துப் போடும் பருத்திச் சதுரத் துணிகளும், முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்த்த கவர்களும். இரவில் பருத்திக்கு அடியில் ஒரு சணல் வகை இன்சர்ட். மெதுவாகத்தான் உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியதை விடாது. நீங்களும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 'செட்டாக வாங்கினால்தான் தள்ளுபடி, இன்றோடு முடிகிறது' என்று அவசரப்படுத்தும் கடையில் அந்த ஒன்றைக்கூட வாங்காதீர்கள். வந்ததும் சமையலறைத் தராசில் காய்ந்த இன்சர்ட்டை நிறுத்து, நனைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்திய பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள். அழுத்தத்துக்கும் எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்துவிடும். முக்கியமாக, வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி: "துவைத்த பிறகு ஒழுகினால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" நேராகப் பதில் சொல்லாமல் எல்லா அம்மாக்களும் பாராட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளை அனுப்பினால் விட்டுவிடுங்கள்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் எப்படி வருகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. நான் எழுதிய விமர்சனத்தை எடுத்தால் அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். எடுக்கவில்லை. சில நாளில் அதுவாகவே காணாமல் போனது. உத்தரவாதப் பேச்சு வந்ததிலிருந்து "போனில் பேசலாமே" என்றும் வாய்ஸ் மெசேஜிலுமே பதில் சொல்லப் பார்த்தார்கள். நான் விடாமல் எழுத்திலேயே கேட்டதால்தான் வெந்நீர் மெசேஜ் கையில் இருந்தது. அதையும், அச்சடித்த தாளின் படத்தையும், உரிந்த கவரின் படத்தையும் சேர்த்து, கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்தேன். கவர்களுக்கான தொகை திரும்ப வந்துவிட்டது. இன்சர்ட்டுகள் 'சொன்ன பொருள் இல்லை' என்ற புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. கத்தரித்த இன்சர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்ப வேண்டியிருக்கும்.