உறையா, செப்டிக் டேங்கா? மீஞ்சூர் பக்கம் வீடு கட்டுவோருக்கு

சென்னைக்கு வடக்கே, பாதாளச் சாக்கடை வராத மீஞ்சூர், அத்திப்பட்டு தெருக்களில் கடைக்கால் தோண்டும்போதே மேஸ்திரி கேட்டுவிடுவார்: "உறை இறக்கிடலாமா சார்? ஆறு உறை போதும், ஆயுசுக்கும் லாரி கூப்பிட வேணாம்." உறை என்றால் சிமெண்ட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கழிவுக் குழி; லாரி என்றால் கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டி. நாங்கள் உறை இறக்கவில்லை. அடியில் கான்கிரீட் தளம் போட்டு, உள்பக்கம் பூசி, இரண்டு அறை வைத்த செப்டிக் டேங்க் கட்டினோம். காசு, இடம், வேலை நாள் என்று எதைப் பார்த்தாலும் உறைதான் மலிவு. மறுப்பதற்கில்லை.

என்னை உறுத்தியது அந்த "லாரி வேணாம்"தான். உறைக்கு அடித்தளம் கிடையாது. நம் பக்கத்து மணல் பூமியில், கார்த்திகை மழைக்குப் பிறகு இரண்டு மூன்று அடியிலேயே தண்ணீர் எட்டிப்பார்க்கும் இடங்கள் உண்டு. அங்கே கீழ் உறைகள் நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கும். கழிவு மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே தண்ணீரில் கலக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு போர் (ஆழ்துளைக் கிணறு). கடல்நீர் புகுந்து ஏற்கெனவே உப்பேறிய பூமி இது. மழைக்காலத்தில் உறை பொங்கி லாரியைக் கூப்பிட்டாலும், உறிஞ்சி முடித்த கொஞ்ச நேரத்தில் ஊற்றுத் தண்ணீர் ஏறிக்கொள்ளும்.

டேங்கிலிருந்து வெளியேறும் நீரும் சுத்தமல்ல. கசடு அடியில் தங்கும், அவ்வளவுதான். கிருமியை மண்தான் வடிகட்ட வேண்டும். டேங்க் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. நாற்பதுக்கு அறுபது அடி மனையில் நீளமே அவ்வளவுதான். அதனால் டேங்க் வாசல் பக்கம், போர் கொல்லையில். டேங்க் நீரை உறிஞ்சக் குழி தோண்டாமல் தரைக்கு மேலே மண் மேடு போட்டு, அதில் கல்வாழை வைத்தோம்.

வாசல் பக்கம் வைத்ததற்கு இன்னொரு காரணம், லாரியின் குழாய் எட்ட வேண்டும். டேங்க் கட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் பெரிய விஷயம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்காவிட்டால் அது அப்படியே மேட்டுக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். உறைக்கும் இதற்கும் அப்புறம் வித்தியாசமே இல்லை. மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சற்றுப் பொறுத்து எடுத்தால் கறுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். டேங்கின் நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் லாரிக்குச் சொல்லுங்கள். குனிந்து எட்டிப்பார்க்க வேண்டாம், விஷவாயு. பாதுகாப்புச் சாதனம் இன்றி ஆளை உள்ளே இறக்குவது 2013 மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டப்படி குற்றம்; கழிவு அகற்றும் உதவி எண் 14420க்குக் கூப்பிடலாம். ஆசிட் ஊற்றிக் கழிவறை கழுவுவதையும் குறையுங்கள், கசடைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும்.

ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் நான் வைத்துப் பார்த்ததில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கண்டது ஒரே ஒரு மழைக்காலம். நீர்மட்டம் ஏறினால் காலி டேங்க் மிதந்து மேலே வந்துவிடும். கான்கிரீட் தளத்தோடு பிணைத்துத்தான் புதைக்க வேண்டும். நீர்மட்டம் ஆழமாக உள்ள மேட்டு நிலம் என்றால், ஒன்று நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிடும் இரட்டைக் குழியும் யோசிக்கலாம்.

உரிமம் உள்ள லாரியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்டுவிட்டே காசு கொடுங்கள். ராத்திரியில் கொசஸ்தலையாற்றங்கரையில் திறந்துவிட்டுப் போகிற வண்டிக்கு இரண்டாயிரமானாலும் ஐந்நூறானாலும் தண்டம்தான்.