செரெங்கெட்டியில் இரண்டு இரவு என்று விற்றார்கள், சீட்டில் இருந்தது இருபத்து நான்கு மணி நேரம்

தான்சானியாவின் வடக்கே உள்ள அருஷா நகரில் சஃபாரி ஏற்பாடு செய்யப்போகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். தான்சானியாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டாயம் போங்கள். ஆனால் கொடுக்கும் பணத்துக்கு, காட்டுக்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். எங்களிடமிருந்து பறித்தது அந்த நேரத்தைத்தான்.

நானும் கணவரும் மாமியாரும் போனோம். ஆகஸ்ட் மாதம். வில்டபீஸ்ட் எனப்படும் ஆப்பிரிக்கக் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாக மாரா ஆற்றைக் கடப்பதை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் பல வருட ஆசை. அருஷாவில் இருக்கும் ஒரு பயண ஏஜென்சியிடம் வாட்ஸ்அப்பில் பேசி முடித்தோம். அவர்கள் அனுப்பிய பயணத் திட்டத்தில் செரெங்கெட்டியில் (தேசியப் பூங்கா) இரண்டு இரவு, பிறகு ங்கொரொங்கோரோ (பெரிய எரிமலைவாய் உள்ள காப்பகம்), பிறகு அருஷா என்று இருந்தது. "ஆறு கடப்பதைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். "ஆகஸ்ட்தானே, சரியான பருவம்" என்று பதில் வந்தது. பருவம் சரிதான். கூட்டம் எங்கே இருக்கும், எங்களை எங்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஏமாற்று முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் வருடம் முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிப்ரவரியை ஒட்டி அவை தெற்கே, ந்டுட்டு பக்கத்துக் குட்டைப் புல்வெளியில் கன்று ஈனும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே, கென்ய எல்லையை ஒட்டிய மாரா ஆற்றங்கரையில் இருக்கும். பெரும்பாலான சஃபாரி வண்டிகள் போவது நடுவில் இருக்கும் செரோனெராவுக்கு. அருஷாவிலிருந்து செரோனெரா வரவே ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும். கரட்டு ஊரைத் தாண்டி ங்கொரொங்கோரோ காப்பகத்துக்குள் நுழைந்ததும் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. செரோனெராவிலிருந்து ஆற்றங்கரைக்குப் போக இன்னும் பல மணி நேரம் மண்சாலையில் போக வேண்டும். ஆக, ஆகஸ்டில் ஆறு கடப்பதைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே ஓர் இரவாவது தங்க வேண்டும். செரோனெராவோடு திரும்புகிறவருக்கு அது கிடைக்காது.

காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி எட்டரைக்கு மேல் வந்தது. பிறகு டீசல் போட்டார்கள். பிறகு ஒரு டயரை மாற்றினார்கள். மன்யாரா ஏரிக்கு அருகிலுள்ள ம்டோ வா ம்பு ஊரில் கைவினைக் கடைகளுக்கு முன்னால் வண்டி நின்றது. "கழிவறைக்காக நிற்கிறோம்" என்று சொன்னார்கள். உள்ளே போனால் வெளியே வருவதற்கு ஒரு கூடம் முழுக்கச் சுற்றியாக வேண்டும். கருங்காலி என்று சொல்லி நீட்டிய ஒரு யானைச் சிற்பத்தின் அடிப்பாகத்தை அத்தை ஈர விரலால் தேய்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. சாதா மரத்துக்குப் பாலிஷ் பூசியிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தார். இப்படி இன்னொரு கடையிலும் நிறுத்தினார்கள். ஓட்டுநருக்கு அங்கே கமிஷன் உண்டு; அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் நின்ற ஒவ்வொரு நிமிடமும் எங்கள் பகலிலிருந்து போனது.

செரெங்கெட்டியின் நாபி குன்று நுழைவாயிலுக்கு வந்தபோது பிற்பகல் இரண்டரை தாண்டிவிட்டது. ஓட்டுநர் கவுண்டருக்குப் போனார். நாங்கள் வெளியே நின்றோம். நீல முதுகும் செம்மஞ்சள் வயிறுமாக மைனாக்கள் சாப்பாட்டு மேசைகளுக்கு இடையே தத்திக்கொண்டிருந்தன. அவர் கையில் அனுமதிச் சீட்டோடு வந்தார். "கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டு வாங்கினேன். நபர்கள் மூன்று. நுழைந்த நேரம் 14:40. வெளியேற வேண்டிய நேரம் மறுநாள் 14:40. அவ்வளவுதான்.

செரெங்கெட்டியில் நுழைவுக் கட்டணம் நாள் கணக்கில் இல்லை, இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில். இரண்டு இரவு தங்குகிறவருக்கு இரண்டு முறை கட்ட வேண்டும். எங்களுக்கு ஒருமுறைதான் கட்டியிருந்தார்கள். இருட்டிய பிறகு பூங்காவுக்குள் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் அந்த இருபத்து நான்கில் பாதி தூக்கத்தில் போய்விடும். நாபியிலிருந்து செரோனெரா போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு. மிச்சத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இரண்டாம் இரவு எங்கே?" என்று ஓட்டுநரைக் கேட்டோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குக் கொடுத்த காகிதத்தில் கரட்டு என்று இருக்கிறது, பீபி" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். கரட்டு என்பது பூங்காவுக்கு வெளியே, ங்கொரொங்கோரோவையும் தாண்டி, அருஷா போகும் வழியில் இருக்கும் ஊர். அவர் அந்த ஏஜென்சியின் ஊழியர்கூட இல்லை, ஒவ்வொரு பயணத்துக்கும் கூலி பேசி வருகிறவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஏஜென்சிக்காரரைத் தொலைபேசியில் பிடித்தோம். முதலில், "நாளைக் காலையில் எங்கள் ஆள் வந்து பணம் கட்டிவிடுவார்" என்றார். இது பொய் என்பது கவுண்டரில் விசாரித்தபோதே தெரிந்தது. வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை; அட்டை மூலமாகவோ, முன்கூட்டியே எடுத்த கட்டண எண்ணில் வங்கி மூலமாகவோதான் செலுத்த வேண்டும். ஆள் வர வேண்டிய அவசியமே கிடையாது. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "செரெங்கெட்டிப் பகுதி என்றுதானே எழுதியிருந்தோம், கரட்டும் அந்தப் பகுதிதானே" என்றார். திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் இரவுக்கு விடுதிப் பெயர் இல்லை. "செரெங்கெட்டிப் பகுதியில் தரமான விடுதி" என்று மட்டும் இருந்தது. கூடுதல் கட்டணத்தை நாங்களே அட்டையில் கட்டிவிடத் தயாராக இருந்தோம். ஆனால் ஆகஸ்டில் உள்ளே எந்த விடுதியிலும் அறை இல்லை, வண்டியில் கூடாரமும் இல்லை.

மறுநாள் காலை ஒரு சிறுத்தையைப் பார்த்தோம். மரக்கிளையில் நான்கு காலையும் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. பத்து நிமிடம்தான். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நேரம் தாண்டினால் அபராதம் அவர் தலையில் விழும். அத்தை கேட்டார்: "ஆறு எந்தப் பக்கம்மா இருக்கிறது?" வடக்குப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஏஜென்சிக்காரரை நான் மன்னிக்க முடியாததற்குக் காரணம் பணம் அல்ல, இதுதான்.

அடுத்தது ங்கொரொங்கோரோ. அன்று மாலை திரும்பும் வழியில் எரிமலைவாயின் விளிம்பில் ஒரு பார்வையிடத்தில் வண்டி நின்றது. கீழே ஏறக்குறைய அறுநூறு மீட்டர் ஆழத்தில், 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தரை விரிந்து கிடக்கிறது. யானைகள் எறும்பளவில் தெரியும். கால் மணி நேரம் நின்றோம். கரட்டுக்கு வந்த பிறகுதான், திட்டத்தில் இருந்த "ங்கொரொங்கோரோ" அதுவே என்றும், அது முடிந்துவிட்டது என்றும் செய்தி வந்தது. கீழே இறங்க வேண்டுமானால் தனிக் கட்டணமாம். நாங்கள் போனபோது காப்பக நுழைவு வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு வரியோடு ஏறக்குறைய 71 டாலர். எரிமலைவாய்க்குள் இறங்க வண்டி ஒன்றுக்கு வரியோடு 295 டாலர். அத்தையை ஏமாற்றத்தோடு திருப்பி அழைத்துப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை வாயிலில் எங்கள் அட்டையிலிருந்தே கட்டி இறங்கினோம். லெராய் காட்டோரம் நீளத் தந்தங்களோடு கிழட்டு ஆண் யானைகளைப் பார்த்தோம். தூரத்தில் ஒரு கறுப்புக் காண்டாமிருகம். அந்தக் காலைப் பொழுதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அதில் அந்த ஏஜென்சிக்குப் பங்கில்லை.

விலையைக் கேட்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செரெங்கெட்டிக்கு ஒருவருக்கு, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு, முக்கியப் பருவத்தில் 70 டாலரும் அதன்மேல் 18 சதவீத வரியும். அங்கே போகும் வழி ங்கொரொங்கோரோ காப்பகத்துக்குள் போவதால், வெறுமனே கடந்து போவதற்கும் கட்டணம் உண்டு, திரும்பி வரும்போதும் உண்டு. எரிமலைவாய்க்கு வண்டிக் கட்டணம் தனி. இவை எல்லாம் அரசுக்குப் போகும் பணம், யாரும் இதில் தள்ளுபடி தர முடியாது. இதைக் கூட்டி, உங்களிடம் சொன்ன விலையிலிருந்து கழியுங்கள். டீசலுக்கும் ஓட்டுநருக்கும் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் மிச்சம் போதாது என்றால், அந்த விலையில் முழுப் பயணம் கிடையாது. எங்கோ நேரத்தை வெட்டுவார்கள்.

ஒவ்வொரு இரவுக்கும் விடுதியின் பெயரை எழுத்தில் வாங்கி, அது பூங்காவின் எல்லைக்குள் இருக்கிறதா என்று வரைபடத்தில் நீங்களே பாருங்கள். "எரிமலைவாய்க்குள் இறங்குவது உட்பட" என்ற சொற்கள் அப்படியே இருக்க வேண்டும். செரெங்கெட்டிக்கு எத்தனை இருபத்து நான்கு மணி நேர அனுமதி வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். நேர்மையானவர் உடனே எண்ணைச் சொல்வார், மற்றவர் பேச்சை மாற்றுவார். அங்கே முறையாகத் தொழில் செய்யும் நிறுவனங்கள் 'தாலா' எனப்படும் அரசுச் சுற்றுலா உரிமம் வைத்திருக்கும். சுற்றுலா நடத்துநர் சங்கமான 'தாட்டோ'வின் உறுப்பினர் பட்டியலிலும் பெயரைத் தேடலாம். பணம் தனிநபர் கணக்குக்குப் போகக் கூடாது. வாயிலில் சீட்டு கைக்கு வந்தவுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்சிபார் தீவுக்கும் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தார் எஸ் சலாம் படகுத் துறைக்கு வெளியே மொய்க்கும் ஆட்கள் குறைந்த விலைக்கு டிக்கெட் தருவார்கள். அது உள்ளூர்வாசிகளுக்கான டிக்கெட், ஏறும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். படகு நிறுவனத்தின் கவுண்டருக்குள் போய் வாங்குங்கள். சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் எங்களுக்கு விற்ற நகர உலாவில் 'அதிசய மாளிகை' முதலிடத்தில் இருந்தது. 2020 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்து விழுந்த அந்தக் கட்டடத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். தாராஜானி சந்தையில் கிராம்பும் ஏலமும் பட்டையும் தாராளமாக வாங்கலாம், மணமும் விலையும் நன்றாகவே இருந்தன. குங்குமப்பூ மட்டும் வேண்டாம். அது அந்தத் தீவில் விளைவதில்லை. குங்குமப்பூ என்று எங்களுக்கு நீட்டிய பொட்டலத்தை அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "குசும்பாப்பூ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் சீட்டின் படம், அட்டை ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இணைத்து ஏஜென்சிக்கு எழுதினேன். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். செரெங்கெட்டியின் இரண்டாவது அனுமதிக்கு உரிய தொகையும், எரிமலைவாய்க்கு நாங்கள் கட்டியதும் திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். அதே ஆவணங்களைத் தான்சானியாவின் சுற்றுலா உரிமம் வழங்கும் அமைச்சகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால், எதுவாக இருந்தாலும், எழுதுகிறேன். அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் தங்கள் பயணத் திட்டத்தை அனுப்பினால், இரவுகளையும் அனுமதிகளையும் சரிபார்த்துச் சொல்லத் தயாராக இருக்கிறேன்.