அசிட்டிலீனை விட்டு புரொப்பேனுக்கு மாறியவனின் கணக்கு

வீட்டுப் பட்டறையில் இரும்பைச் சூடாக்கவும் வெட்டவும் வைத்திருக்கும் கேஸ் டார்ச்சுக்கு அசிட்டிலீனை நிறுத்திவிட்டு ஆக்சிஜன்-புரொப்பேனுக்கு மாறி வருடக்கணக்கில் ஆகிறது. "அதில் சூடு பத்தாதே" என்று சொல்லாத ஆள் இல்லை. பத்தும், தாராளமாகவே பத்தும். சூடு இருக்கும் இடம்தான் வேறு.

ஆக்சிஜனோடு எரியும்போது அசிட்டிலீன் சுடர் ஏறக்குறைய 3,100 டிகிரி செல்சியஸ், புரொப்பேன் 2,800. எண்ணில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் அசிட்டிலீனில் நாசில் முனையில், அதாவது டார்ச்சில் கேஸ் வெளிவரும் வாயில், நிற்கிற அந்தச் சின்ன உள்சுடரே கடுமையாகச் சுடும், புரொப்பேனில் பெரும்பகுதி சூடு அதைச் சுற்றியிருக்கும் வெளிச்சுடரில் இருக்கிறது. அதனால் பழைய பழக்கத்தில் உள்சுடரைக் கொண்டுபோய் இரும்பை ஒட்டிப் பிடித்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கொஞ்சம் பின்னால் இழுத்து, வெளிச்சுடர் முழுக்க வேலையின் மேல் படியும்படி பிடித்தால் அதே இரும்பு மளமளவென்று சிவக்கும். கைக்கு இது பழகிவிட்டால் பாதிப் புகார் போய்விடும்.

வளைப்பது, நிமிர்த்துவது, துருப்பிடித்து இறுகிப்போன நட்டைக் கழற்றுவது, பிரேசிங் (துண்டுகளை உருக்காமல், வேறு உலோகக் கம்பியை இடுக்கில் உருக்கி ஓடவிட்டு ஒட்டுவது) இதெல்லாம் எனக்கு புரொப்பேனில்தான் வசதி. வெள்ளி கலந்த கம்பியில் செய்யும் சில்வர் பிரேசிங் குறிப்பாக. இணைப்பில் பூசும் ஃபிளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தமாக வைக்கும் பொருள்) முதலில் வெளுத்து நுரைக்கும், அப்புறம் அடங்கி, கண்ணாடி போலத் தெளிந்து இடுக்கு முழுவதும் ஓடும். அந்த நேரத்தில் கம்பியை வைத்தால் உலோகத்தின் சூட்டிலேயே உருகி இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும். சுடர் பரந்து விழுவதால் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் சூடாகிறது, மெல்லிய தகட்டில் ஓட்டை விழும் பயமும் குறைவு.

இரும்புத் தகட்டை வெட்டும் கட்டிங்கில் தொடக்கம் மெதுவாகத்தான் இருக்கும், நடுத்தகட்டில் துளை போடும்போது பொறுமை சோதிக்கும். விளிம்பிலிருந்து ஆரம்பித்தால் அவ்வளவு தெரியாது. வெட்டு ஓட ஆரம்பித்த பிறகு இரும்பை எரிப்பது ஆக்சிஜன் பீய்ச்சல்தானே, அங்கே வித்தியாசம் பெரிதாக இல்லை. மேல் விளிம்பு உருகி உருண்டு போவதும் குறைவு.

முடியாதது ஒன்று உண்டு, இரும்பை உருக்கி இணைக்கும் கேஸ் வெல்டிங். உள்சுடரில் அந்தச் செறிவு இல்லை, உருகித் தேங்கும் இரும்பை ஆக்சிஜனிலிருந்து காக்கும் தன்மையும் இந்தச் சுடருக்குக் கிடையாது, இணைப்பு துளை துளையாக வரும். எவ்வளவு திருகினாலும் மாறாது, முயற்சி செய்து கம்பியை வீணாக்காதீர்கள். உங்கள் முக்கிய வேலை அதுதான் என்றால் அசிட்டிலீனிலேயே இருங்கள். எனக்கு அந்த வேலைக்கு ஆர்க் வெல்டிங் இருக்கிறது.

அப்புறம் ஆக்சிஜன். கேஸ் மலிவு என்று குதிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அசிட்டிலீனுக்கு அதன் அளவுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் போதும், புரொப்பேனுக்கு நாலு மடங்கு வேண்டும். புரொப்பேன் சிலிண்டர் அப்படியே இருக்கும், ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகிக்கொண்டே போகும். ஆகவே பணம் இருந்தால் அதைப் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரில் போடுங்கள்.

இருந்தும் நான் ஏன் திரும்பிப் போகவில்லை? சின்ன அசிட்டிலீன் சிலிண்டரில் பெரிய ஹீட்டிங் நாசில் போட முடியாது. உள்ளே கேஸ் அசிட்டோன் என்ற திரவத்தில் கரைந்து இருக்கிறது, மணிக்குக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது பழைய விதி, இப்போது பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். மீறினால் அசிட்டோனும் சேர்ந்து வரும். அழுத்தமும் 15 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது, தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. புரொப்பேனில் இந்தத் தலைவலி இல்லை, அதிகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி படியும், அழுத்தம் இறங்கும், அவ்வளவுதான். பற்றவைக்கும்போது பட்டறை முழுக்கப் பறக்கும் அந்தக் கரி நூலும் கிடையாது!

மாறுகிறவர்கள் டார்ச்சை மட்டும் பார்க்காதீர்கள். நாசில் புரொப்பேனுக்கானது வேண்டும், முனை சற்று உள்வாங்கி இருக்கும். அசிட்டிலீன் நாசிலைப் போட்டால் சுடர் முனையில் நிற்காமல் எகிறி அணையும். கேஸ் வரும் ரப்பர் ஹோஸ் 'டி' கிரேடாக இருக்க வேண்டும், அசிட்டிலீனுக்கான 'ஆர்' கிரேடின் ரப்பரை புரொப்பேன் உள்ளுக்குள் அரித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. சுடர் ஹோஸுக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டரை ஆக்சிஜன், புரொப்பேன் இரண்டு லைனிலும் போடுங்கள்.

கசிவைச் சோப்புத் தண்ணீரில் பாருங்கள். புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், தரையில் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருப்பது போதாது, தரையோடு காற்று போகிற வழி வேண்டும். தரைக்குக் கீழே இருக்கும் அறையில் பட்டறை வைத்திருப்பவர்கள் சிலிண்டரை அங்கே கொண்டுபோகவே வேண்டாம்.